அயல்வானமும் நம்மூர் மழையும்

தருமபுரி நகருக்கு வடமேற்கே, பாலக்கோட்டிற்கும் பென்னாகரத்திற்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்த பேரூர் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறையிலே பெருநோயுற்ற சுப்பிரமணிய சிவா வந்து தங்கி, 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் உயிர்நீத்த ஊர் என்ற அளவில் நம் கல்லூரி மாணவர் பலரும் இதன் பெயரைக் கேட்டிருப்பர். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அப்பெரியாரைப் பற்றியன்று. இவ்வூர்ப் புன்செய்யிலே கேழ்வரகும் நிலக்கடலையும் விதைக்கும் உழவர், நாளை மழையுண்டோ இல்லையோ என்பதனை எவ்விடத்தினின்று, எவர் வாயிலாக அறிகின்றனர் என்பதைப் பற்றியே. வினா சிறிது, ஆயினும் விடை தேடிப் புறப்பட்டார் குடகுமலைக்கும் வங்கக் கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் சென்று மீள வேண்டியிருக்கும்.

முதற்கண் இந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தருமபுரி மாவட்டம் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெறும் மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அதிற் பெரும்பங்கைத் தர, எஞ்சியதைச் சித்திரை வைகாசியில் இடியோடு வரும் கோடைமழை தருகின்றது. இரு பருவமும் பெறும் நிலம் பேறு பெற்றதென்று சிலர் எண்ணக்கூடும். உண்மையில் இரண்டிலும் ஓரத்தில் நிற்பதே இந்நிலம். தென்மேற்குக் காற்று தன் நீரையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிற் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இப்பக்கம் இறங்குகின்றது. வடகிழக்குக் காற்றோ கடற்கரை மாவட்டங்களுக்கு அளித்தபின் மிச்சத்தையே இங்குக் கொணர்கின்றது. ஆகவே ஆடிப்பட்டத்தில் ஒருமுறை நல்ல மழை பெய்தவுடன் விதையிடுவதா, இன்னும் ஒரு மழைக்குக் காத்திருப்பதா என்பது இவ்வூர் உழவனுக்கு ஆண்டுதோறும் வரும் சோதனை. விதைத்தபின் இரண்டு வாரம் வானம் பொய்ப்பின் நிலக்கடலை விதைக்கிட்ட பணம் மண்ணோடு போகும். காத்திருந்து பட்டம் தவறினாலோ பூக்குங் காலத்தில் ஈரம் போதாது. விதைக்குக் கடன் வாங்கியவனுக்கு இவ்விரண்டிற் பிழைபட்டது எதுவாயினும் ஓராண்டுச் சோறு போயிற்று.

காவிரி அருகேதானே ஓடுகின்றது என்று கேட்பார் உளர். ஒகேனக்கல் இவ்வூருக்கு மேற்கே உளது. ஆனால் ஆறு பள்ளத்தாக்கின் அடியிலே ஓடுவதால் மேட்டிலுள்ள இவ்வயல்களுக்கு அதன் நீர் தானே பாயாது. மாவட்டத்தின் நிலத்தடி நீரிலே புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தமையால், சப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பெற்றது. அன்றுதொட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாய்வழிக் காவிரி வருகின்றது. வயலுக்கு உள்ளூர் மழையும் குடத்திற்குக் குடகுமலை மழையும் என்பதாக இம்மக்களின் வாழ்வு இரண்டு வானங்களின்கீழ் நடைபெறுகின்றது.

பண்டைய உழவர் மழையை முன்னறிய முயலாமல் இருந்தாரல்லர். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு தேடுவதும், தட்டான் தாழப் பறப்பதும், அந்தியில் ஈசல் புறப்படுவதும், திங்களைச் சுற்றிக் கோட்டை கட்டுவதும் அவர்க்கு மழைக்குறிகள். வெள்ளிக்கோள் திசை மாறுவதை மழை பொய்ப்பதற்கு அறிகுறியாகக் கொண்டனர் என்பதைச் சங்க நூல் பயின்றோர் அறிவர். இவற்றை மூடக் கொள்கை என்று ஒதுக்குதல் எமக்கு உடன்பாடன்று. காற்றிலே ஈரம் மிகுந்தால் சிற்றுயிர்கள் நடை மாறுவது இயல்பே. எனினும் எறும்புக்குத் தெரிவது அதன் புற்றைச் சூழ்ந்த வானமும், அடுத்த சில நாழிகைகளுமே. வங்கக் கடலிலே நான்கு நாள் வழிக்கு அப்பால் திரளும் தாழ்வு மண்டலத்தை அஃது அறியாது. வயநாட்டில் நேற்றிரவு பெய்த மழையையும் அறியாது.

தொலைவானத்தை அறியும் முயற்சி நம் நாட்டிலே துன்பத்திற் பிறந்தது. 1864ஆம் ஆண்டு கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் பின்னரே 1875ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்று, பிளான்போர்டு என்பார் அதன் தலைமையை ஏற்றார். மறு ஆண்டே சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பற்றிக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில், அந்நாளில் தருமபுரியைத் தன்னகத்தே கொண்டிருந்த சேலம் மாவட்டமும் அல்லலுற்றது. இனி வரும் பஞ்சத்தையேனும் முன்னறிதல் இயலுமோ என்று ஆராய்ந்த பிளான்போர்டு, இமயமலையில் உறைபனி மிகுந்த ஆண்டில் பருவமழை குறையும் எனக் கண்டு, 1886ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பருவமழை முன்னறிவிப்பை முறையாக வெளியிட்டார்.

இமயத்தோடு நின்ற பார்வையை உலகளவுக்கு விரித்தவர் கில்பர்ட் வாக்கர். கணிதப் புலவராகிய இவர் 1904 முதல் 1924 வரை இத்துறைக்குத் தலைவராயிருந்தார். பல நாட்டு நிலையங்களினின்று வந்த காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்துமாக்கடலின் பக்கத்தில் அழுத்தம் ஏறினால் பசிபிக் கடலின் கிழக்கே அஃது இறங்குவதையும், இங்கு இறங்கின் அங்கு ஏறுவதையும் கண்டு அதற்குத் தென்கோள ஊசலாட்டம் எனப் பெயரிட்டார். நடுவே கட்டை வைத்து இரு பிள்ளைகள் ஏறியாடும் ஏற்றப்பலகையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பெரு நாட்டுக் கடற்கரையோரம் கடல்நீர் வழக்கத்தினும் வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சி இவ்வூசலோடு பிணைந்தது என்பது 1960களில் தெளிவாயிற்று. அத்தகைய ஆண்டுகளில் தென்மேற்குப் பருவம் மெலிதல் பலமுறை கண்டதே. ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவம் அவ்வாண்டுகளில் வலுத்தலும் உண்டு. இரு பருவத்தையும் நம்பும் பாப்பாரப்பட்டிக்கு எல் நினோ என்ற சொல் கேட்டமாத்திரத்தே அஞ்சற்பாலதன்று என்பதை இதனாற் கொள்ளலாம்.

ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. வாக்கர் கண்ட உண்மை எவ்வொரு நாட்டின் ஏட்டிலும் தனியே இருந்ததன்று. பல நாட்டு ஏடுகள் ஒரே மேசைமேல் விரிக்கப்பட்டபோதே வெளிப்பட்டது. 1873இல் வியன்னா நகரில் கூடிய அறிஞர் பன்னாட்டு வானிலைக் கழகத்திற்கு வித்திட்டனர். அதன் வழித்தோன்றலாக 1950இல் உலக வானிலை அமைப்பு உருப்பெற்றது. வானிலை எண்களை நாடுகள் தடையின்றியும் விலையின்றியும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று 1995இல் அவ்வமைப்பு தீர்மானித்தது. நம் கீழ்க்கடலுக்கென நெருங்கிய உறவொன்றும் உளது. 1970ஆம் ஆண்டு நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். அதன் விளைவாக 1972இல் வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சூழ்ந்த நாடுகள் புயற்குழு ஒன்று அமைத்தன. புதுதில்லி நிலையம் அக்குழு நாடுகளுக்கெல்லாம் புயற்செய்தி அளிக்கின்றது. 2004 முதல் புயல்களுக்கு வழங்கும் பெயர்களும் அந்நாடுகள் அளித்தனவே. 2017இல் குமரி மீனவரைக் கலக்கிய ஒக்கி வங்காளதேசம் தந்த பெயர். 2018இல் வேதாரணியப் பக்கத்தைச் சூறையாடிய கஜா இலங்கை தந்த பெயர். 2020இல் பதின்மூன்று நாடுகள் கூடி 169 பெயர்களை வகுத்தபோது இந்தியா அளித்தவற்றுள் ‘முரசு’ என்னும் நம் தமிழ்ச்சொல்லும் இடம்பெற்றது. இடிக்கும் புயலுக்கு அதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

2010 முதல் தெற்காசிய நாடுகளின் வானிலை அறிஞர் பருவத்தின் முன்னே கூடித் தத்தம் கணிப்புகளை ஒப்புநோக்கி ஒரு பொதுக் கணிப்பை வெளியிடுகின்றனர். தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் உயிராகிய வடகிழக்குப் பருவத்திற்கெனவும் பின்னர்த் தனியே கூடலாயினர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் 2009இல் தாய்லாந்தை இருப்பிடமாகக் கொண்டு எழுந்த வட்டார முன்னெச்சரிக்கை நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டரசின் பேரிடர் எச்சரிக்கை ஏற்பாட்டிற்கும் துணைபுரிந்துளது.

வானச் செய்தி இவ்வாறு எல்லை கடந்து வர, ஆற்றுச் செய்தியின் கதை வேறு. மேகம் எவருடைய உடைமையும் அன்று. ஆதலின் அதனைப் பற்றிய எண்ணைக் கொடுப்பதில் எவரும் இழப்பதில்லை. ஆற்றுநீரோ பங்குக்குரிய பொருள். அணையில் எவ்வளவு உளது என்று சொல்வது, பங்காளியிடம் களஞ்சியத்தைத் திறந்து காட்டுவதை ஒக்கும். நீரளவுச் செய்தியையும் நாடுகள் பகிர்தல் வேண்டுமென உலக வானிலை அமைப்பு 1999இல் தனியே ஒரு தீர்மானம் இயற்ற நேர்ந்ததே இத்தயக்கத்திற்குச் சான்று. பிரமபுத்திராவின் மேல்நீரளவைச் சீனா இந்தியாவிற்கு வெள்ளக்காலத்தில் தெரிவிக்கும் உடன்பாடு 2002இல் ஏற்பட்டது. ஆனால் தோக்லாம் எல்லைப் பிணக்கு மூண்ட 2017ஆம் ஆண்டில் அச்செய்தி வரவில்லை. மறு ஆண்டே மீண்டும் வரலாயிற்று. எல்லையில் வீரர் முறைத்து நின்றால் அசாமிற் குடிசைவாசிக்கு வெள்ளச் செய்தி நின்றுபோகின்றது என்பது எண்ணி வருந்தற்குரியது.

இனிக் காவிரிக்கு வருவோம். காவிரியின் வழக்கு நூறாண்டினும் பழையது. 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை அரசும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன; அவ்வாண்டு ஜூலையிலேயே ஆறு கரைபுரண்டு பேரழிவு செய்தது. பங்கைப் பற்றிய பேச்சுக்கும் வெள்ளத்தைப் பற்றிய அச்சத்திற்கும் இடையே ஐந்தே திங்கள். பிற்காலத்தே நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் இறுதித் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அதனைத் திருத்தி, கர்நாடகம் பிலிகுண்டுலுவில் ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்றது. டி.எம்.சி. ஒன்று நூறு கோடி கனஅடி. அவ்வாண்டு ஜூன் திங்களிற் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன்கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன.

செய்தித்தாள்கள் பங்கின் எண்ணையே பெரிதாக எழுதின. எமக்கோ அத்தீர்ப்பினுள் அடங்கிய வேறொரு பகுதி அதனினும் பெரிதாகத் தோன்றுகின்றது. ஒழுங்காற்றுக் குழுவில் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய நான்கின் பொறியாளரோடு மைய நீர் ஆணையத்தின் பேராளரும், இந்திய வானிலைத் துறையின் பேராளரும் அமர்தல் வேண்டும். ஏமாவதி, ஆரங்கி, கிருஷ்ணராஜசாகரம், கபினி, மேட்டூர், பவானிசாகர், அமராவதி, பாணாசுரசாகரம் ஆகிய எட்டு அணைகளின் நீர்மட்டம், வரத்து, இருப்பு ஆகியவற்றை நாள்தோறும் திரட்டுதல் வேண்டும். விடவேண்டிய நீரின் அளவு பத்து நாள் பத்து நாளாகப் பகுத்துப் பார்க்கப்படும். களஞ்சியத்தைத் திறந்து காட்ட மனமில்லாதவரும் காட்டியே தீரவேண்டும் என்று சட்டம் செய்தது இதுவே. வானத்தை அளப்பவரும் ஆற்றை அளப்பவரும் ஒரே மேசையில் உட்கார வைக்கப்பட்டதும் இதனாலேயே.

பிலிகுண்டுலு, ஒகேனக்கல்லுக்கு மேலே இரு மாநிலங்களின் எல்லையில் உள்ளது. அங்கே நீரை அளப்பது மைய நீர் ஆணையம். இரு தரப்பாரும் சான்றாகக் கொள்ளும் எண் அது. கிருஷ்ணராஜசாகரத்திலோ கபினியிலோ திறந்த நீர் அவ்விடம் வந்துசேர இரண்டொரு நாள் ஆகும். அந்த இரண்டொரு நாளே கீழிருப்போர்க்குக் கிடைக்கும் அவகாசம். இடைவழியில் சிம்சா, அர்க்காவதி என்னும் ஆறுகள் கலப்பதால், மேலே அணை திறக்காமலே இடிமழையால் நீர் ஏறுதலும் உண்டு. ஆதலின் அணைச்செய்தி மட்டும் போதாது, இடைப்பட்ட நிலத்தின் மழைச்செய்தியும் வேண்டும். பிலிகுண்டுலுவில் ஏறிய நீர் சில மணிநேரத்தில் ஒகேனக்கல்லை அடையும். உடனே அருவியிற் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட ஆட்சியர் தடை விதிப்பார். பரிசலோட்டிகளுக்கு அத்தடை கூலியிழந்த நாள். ஆயினும் உயிரிழவாத நாள்.

இவ்வேற்பாட்டின் வலிமையும் எளிமையும் 2023, 2024 ஆகிய ஈராண்டில் ஒருங்கே புலப்பட்டன. எல் நினோ தோன்றிய 2023இல் காவிரிப் படுகையில் தென்மேற்குப் பருவம் குறைந்தது. ஒழுங்காற்றுக் குழு ஆகஸ்டு இறுதியில் விநாடிக்கு 5,000 கனஅடி நீர் விடப் பரிந்துரைத்தது. இரு மாநிலத்தும் கிளர்ச்சிகள் எழுந்தன. வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றம் ஏறியது. குறைந்த நீரை எவ்விகிதத்திற் பகிர்வது என்பதில் உடன்பாடு இல்லாமையே அப்பூசலுக்குக் காரணம். எனினும் குழு கூடிக்கொண்டிருந்தது, எண்கள் நிற்கவில்லை. மறு ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 40 அடியளவிற் கிடந்தது. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் அணை அவ்வாண்டு அந்நாளில் திறக்கப்படவில்லை. பின்னர் வயநாட்டிலும் குடகிலும் மழை கொட்ட, ஜூலை 30ஆம் நாள் அதே அணை தன் முழு அளவாகிய 120 அடியைத் தொட்டது. ஒரே திங்களுக்குள் வறட்சியும் வெள்ளமும்! உலகம் வெப்பமடையுந்தோறும் காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே மழையற்ற நாட்கள் நீளுதலும், பெய்யும்போது ஒருங்கே கொட்டுதலும் மிகுமென வானிலை அறிஞர் கூறுவர். அத்தகைய காலத்தில் ஆண்டுக் கணக்கினும் நாட்கணக்கே பயன் தருவது.

இத்துணையும் ஆற்றைப் பற்றியவை. வயலுக்குப் பெய்யும் மழையின் செய்தி ஊர்வரை வந்துசேர்கின்றதா? பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உளது. வானிலைத் துறையின் ஐந்து நாள் முன்னறிவிப்பை ஒட்டிச் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் அறிவுரை வெளியிடும் முறையும் நாட்டில் நடைபெறுகின்றது. எனினும் இவ்வூர்க் களத்துமேட்டில் யாம் உரையாடிய முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, “தம்பி, மழை வரும்னு போன்ல சேதி வருது. அது பாப்பாரப்பட்டி மழையா, அரூர் மழையான்னு மட்டும் சொல்லக் காணோமே!” என்றார். எம் தமிழ் வகுப்பிற் பயிலும் இலக்கணம் முழுவதும் சேர்ந்தாலும் அவர் வினாவினும் செறிவாக ஒரு குறையைச் சொல்லிவிட முடியாது.

அவர் கூற்று மிகையன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெங்கல் புயல், உள்நாடு புகுந்து வலுவிழந்தபின்னரே பெருமழை பொழிந்தது. டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணிநேரத்தில் ஊத்தங்கரையில் 50 செண்டிமீட்டரும், நம் மாவட்டத்து அரூரில் 33 செண்டிமீட்டரும் பதிவாயின. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். அவ்வாறாயின் அரூரில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 330 லிட்டர் விழுந்தது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியில் ஐந்தில் இரண்டு பங்கினை ஒரே நாள் கொட்டியது. கடற்கரைக்குரிய ஆபத்தென்று புயலை எண்ணிப் பழகிய மேட்டுநில மக்களுக்கு இது புதிது. மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறத்தில் எச்சரிக்கை விடுப்பின், அரூருக்கு அது போதாமலும் பிற வட்டங்களுக்கு மிகையாகவும் அமைதல் கூடும். வட்டந்தோறும் மழைமானியும், அவற்றின் எண்களை உடனுக்குடன் சேர்க்கும் கம்பியில்லா வழியும், அவற்றைப் படித்து ‘இன்று விதைக்க வேண்டா’ என்று தமிழிலே சொல்லும் ஆளும் இருந்தாலன்றி, தில்லியிலும் தாய்லாந்திலும் கணித்த கணிப்பு களத்துமேட்டிற்கு வாராது.

அப்புயல்மழை பாய்ந்த ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்து நந்திமலைப் பக்கம் பிறந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து, நம் மாவட்டத்தின் வழியே சாத்தனூர் அணைக்குச் செல்வது. டிசம்பர் 2ஆம் நாள் விடியலில் சாத்தனூரினின்று விநாடிக்கு 1.68 இலட்சம் கனஅடி வரை நீர் வெளியேறி, விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளை மூழ்குவித்தது. அன்று பெய்த மழை பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலத்திற் பெய்ததே. ஆதலின் அதற்கு அயல் மாநிலத்தைக் குறைகூறுதல் நேர்மையன்று. ஆனால் இன்னொரு நாள் அம்மழை எல்லைக்கு அப்பாலும் பெய்யலாம். தென்பெண்ணையின் பங்கு குறித்துத் தமிழ்நாடு 2018இல் உச்சநீதிமன்றம் சென்றது. காவிரிக்கு அமைந்ததுபோல் வானிலையாளரும் பொறியாளரும் ஒருங்கிருந்து அணைகளின் கணக்கை நாள்தோறும் பார்க்கும் குழு அவ்வாற்றுக்கு அமையவில்லை. காவிரியில் அத்தகைய குழு தீர்ப்பின் பயனாகவே கிடைத்தது. தென்பெண்ணையில் அதனை முதலிலே அமைத்துக்கொண்டு, பங்கின் வழக்கைப் பின்னர் நடத்துவதற்குத் தடை யாதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. நந்திமலைப் பக்கத்து மழையளவும் மூன்று அணைகளின் நீர்மட்டமும் ஒரே ஏட்டில் ஏறினால் அதனால் எம்மாநிலத்தார்க்கும் ஒரு கனஅடி நீரும் குறையப்போவதில்லை.